உள்ளேன் ஐயா

ஒத்தக்கடை தாண்டி, நெல்வயலைத் தூர்த்துக் கட்டிய கல்லூரி அது. உச்சி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தமிழ்வாணிக்குக் கோபம் மூண்டது. தமிழ்த்துறையில் மிஞ்சியிருந்த ஒரே ஆசிரியை அவள். இன்று அவள் பாடத்தையும் கேமராவில் பிடிக்கப் போகிறார்கள். பிடித்து முடித்தால் வேலை போச்சு.

அதே துறையில் மூத்த ஆசிரியரான ராமமூர்த்தி ஐயாவுக்கு அதுதான் நடந்தது. இ-கிளாஸ் என்று சொல்லி, போன வருஷம் முழுக்கக் காலி அறையில் பேச வைத்தார்கள். பழக்க தோஷம், ஆளில்லாத பெஞ்சுகளுக்கு அவர் வருகைப்பதிவுகூட எடுத்தார். எல்லாம் சிடியில் ஏறியதும், "இனி வர வேணாம்" என்றுவிட்டார் செயலாளர் வெங்கடேஷ்பாபு. அவரும் ஐயாவிடம் படித்தவர்தான். நியாயம் கேட்க வந்த மனிதரைக் கேட்டுக்குள் விடவில்லை. வெயிலில் நின்றபடியே சரிந்து செத்தார். பாவிகள், மறுநாளே அந்த சிடியைப் போட்டு வகுப்பு நடத்தினார்கள்.

இன்றும் அதே சிடி வகுப்பு. கேமரா முன்னால் எப்படி நடத்துவதென்று பார்த்துக்கொள்ளத் தமிழ்வாணியையும் கூட்டி வந்திருந்தார் செயலாளர். ஜன்னல்களில் கறுப்புத் துணி. வெளிச்சம் வராமல் கதவையும் தாழிட்டிருந்தார்கள். புரொஜெக்டர் சூட்டில் தூசி கருகும் வாடை.

"பாத்தீங்களா மேடம், சம்பளமே இல்லாம எம்புட்டு அழகா நடத்துறாரு!" கடைசி பெஞ்ச் ஓரமாக நின்று செயலாளர் சிரித்தார்.

தமிழ்வாணி பல்லைக் கடித்தாள்.

திரையில் ஐயா பாதிச் செய்யுளில் நின்றார்.

அந்த இடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை.

கண்ணாடியைக் கழற்றினார். அறைக்குள் பார்த்தார்.

"விருமாண்டி, அத ஆஃப் பண்ணு," செயலாளர் கிசுகிசுத்தார்.

ஆபரேட்டர் விருமாண்டியின் கையில் பிளக் தொங்கியது. "அப்பவே புடுங்கிட்டேன் சார்..."

திரை அணையவில்லை.

"வெங்கடேஷ்பாபு."

வகுப்பையே அடக்கும் பழைய குரல். செயலாளருக்கு மாணவப் பருவத்துப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது.

"உள்ளேன் ஐயா."

திரை கறுத்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஜன்னல் துணியைக் கிழித்தார்கள். கடைசி பெஞ்ச் ஓரத்தில் யாருமில்லை. கதவுத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது.

திரை மறுபடி எரிந்தது.

ஐயா இல்லை. கரும்பலகை முன்னால் செயலாளர் நின்றார். உள்ளேயிருந்து திரையை இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்தார். வாய் கிழியக் கத்தினார். சத்தம் வரவில்லை.

"மேடம்," விருமாண்டி சிடி பிளேயர் பக்கம் குனிந்தார், "சிடிய எடுத்து நிறுத்திரவா?"

தமிழ்வாணி திரையையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

"ஓடட்டும்ண்ணே."