ஏக்கமாற்றி

இதனால் சகல புகைப்பாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதல் மனிதகுலம் செய்துவந்த மாபெரும் பிழை, இன்று காலை நல்ல நேரம் பார்த்துத் திருத்தப்படுகிறது.

மறுவாழ்வு மையத்தின் இயக்குநர் டாக்டர் செல்வமார்த்தாண்டன் ஒலிபெருக்கியில் இப்படித்தான் முழங்கினார். பொன்னாடைகள் இரண்டு. ஒன்று அவருக்கு, மற்றது ஏக்கமாற்றிக்கு. தலையில் கவிழ்க்கும் அந்தக் கருவி ஏக்கத்தை அழிக்காது. சிகரெட்டிலிருந்து பிடுங்கி, கேட்ட பொருளின் மேல் நட்டுவிடும்.

அருமைராஜ் அங்கே வந்து குடியை விட்டவர். சிகரெட்தான் பாக்கி. மற்றவர்கள் கடலைமிட்டாய், சீட்டாட்டம் என்று கேட்டு வாங்கினார்கள். அவர், "எம் மக பெனிட்டா" என்றார். குடித்த காலம் முழுக்க அவளை ஏறிட்டுப் பார்க்காதவர்.

"பாசம்னு தலைப்புப் போடுங்க!" டாக்டர் நிருபர்கள் பக்கம் திரும்பினார்.

கருவி வேலை செய்தது. டீ குடித்ததும் கை சட்டைப்பைக்குப் போகாமல் போனுக்குப் போயிற்று. சாப்பிட்டதும் அப்படியே. பஸ்ஸுக்குக் காத்திருக்கையிலும் அப்படியே.

"எப்பா, இப்பதான வச்சீங்க?" பெனிட்டா சிரித்தாள். "விட்டதையெல்லாம் ஒரே நாள்ல பேசித் தீக்கணுமா?"

"நீ பேசு மக்ளே."

கர்ப்பமாயிருந்த அவள், தன் வீட்டுக்கே அவரை அழைத்துப் போய்விட்டாள்.

கோளாறை முதலில் கண்டவர் அவர்தான். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு நிறைந்துவிடும். அதற்கு மேல் அவள் குரல் கசக்கும். டாக்டரிடம் ஓடினார்.

"கோளாறே இல்லைங்க. அதே ஏக்கம், ஆள்தான் வேற. ஒரு சிகரெட் எவ்வளவு நேரம் வரும்?"

"அஞ்சு நிமிசம்."

"அப்புறம்?"

"கீழ போட்டு மிதிப்பேன்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "பழையபடி மாத்திருங்க சார். சிகரெட்டே இருந்துட்டுப் போவுது."

"ஒரு தடவைதான் மாத்தலாம். மண்டை என்ன சுவிட்சா?"

அந்த வாரம் ஸ்கேன் எடுக்கப் போன பெனிட்டா, திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பா… பிள்ளைக்குத் துடிப்பு இல்லயாம்."

தோளில் சாய்ந்தாள். அவர் அணைத்துக்கொண்டார். அவள் அழ அழ, அவருக்குத் தெவிட்ட ஆரம்பித்தது. பல்லைக் கடித்தார், நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். கால்கள் எழுந்துவிட்டன.

"எப்பா, கொஞ்சம் இருங்களேன்."

அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

முக்குக் கடையில் டீ குடித்ததும் உடம்பு அவளுக்காக நடுங்கியது. ஓடி வந்து கதவைத் தட்டினார். நெடுநேரம் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அருமைராஜ் இப்போது சிகரெட் பிடிப்பதில்லை.