இத்தாவில் வாங்கிய டிவி

போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை.

நின்றது. மறுபடி அடித்தது!

திருச்சுழியில் அந்த வீட்டில் இப்போது இரண்டே பெண்கள். பள்ளிக்கூட ஆசிரியை சைதுன் பீவி. அவளுடைய கணவனின் தங்கை நர்கிஸ்.

நர்கிஸ்தான் எடுத்தாள்.

"யாரு?"

"அருப்புக்கோட்டைல இருந்து அசோக். மிக்ஸி, டிவி கடை. சைதுன் பீவியக் கூப்பிடும்மா."

"மதினி பேச மாட்டாக."

"ஏன்? பேங்குக்கு என் மேல புகார் எழுதத் தெரியுது... பேசத் தெரியாதோ?"

"அண்ணன் மவுத்தாயிட்டாக. மதினி இத்தால இருக்காக."

"இத்தான்னா?"

"புருஷன் இறந்துட்டா நாலு மாசம் பத்து நாளைக்கு வீட்ட விட்டு வெளிய வரமாட்டாக. வெளி ஆம்பளைகளப் பாக்க மாட்டாக. தவிர்க்க முடியாட்டி திரைக்குப் பின்னால இருந்து ரெண்டு வார்த்தை பேசுவாக. அவ்வளவுதான்."

"எப்ப இருந்து?"

"மார்ச்சுல இருந்து."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம்.

பிறகு... சிரிப்பு!

"ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலைல நேர்ல வாரேன்!"

துண்டித்தான்.

நர்கிஸ் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எதுக்கு மதினி சிரிச்சான்?"

சைதுன் பீவி உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை.

மார்ச்சில் ஒரு நாள், தூத்துக்குடி ரோட்டில், பந்தல்குடி தாண்டி, ஒரு லாரி. கணவன் ஜெய்னுலாப்தீன் வீடு திரும்பவில்லை. அன்று அவள் இத்தாவில் உட்கார்ந்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் சாப்பாடு போட மசாலா அரைக்க வேண்டும். பழைய மிக்ஸி புகைந்துவிட்டது. அசோக்கின் கடைக்குப் போன் போட்டு நர்கிஸ் புது மிக்ஸி சொன்னாள். கடை டிரைவர் பால்ச்சாமி வேனில் கொண்டுவந்தான். கையில் கார்டு மெஷின்.

நர்கிஸ் மதினியின் கிரெடிட் கார்டை நீட்டினாள்.

"இங்க சிக்னல் இல்லம்மா. வேன்கிட்ட போய்த் தட்டிட்டு வாரேன்."

போனான். வந்தான். கார்டைக் கொடுத்தான்.

ஐயாயிரத்துக்குள் என்றால் தட்டினால் போதும். பின் நம்பர் கேட்காது.

ஆனால் எத்தனை தட்டு?

பில் வந்தபோதுதான் தெரிந்தது. மிக்ஸிக்கு ஒன்று. அதற்குப் பிறகு ஐயாயிரம்... ஐயாயிரம்... ஐயாயிரம்... ஒரு பக்கம் முழுக்க! மெசேஜெல்லாம் கணவனின் நம்பருக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். அந்தப் போனும் லாரிக்கு அடியில் போய்விட்டது.

சைதுன் பீவி பேங்குக்குப் புகார் எழுதினாள். 'மிக்ஸியைத் தவிர வேறு எதுவும் நான் வாங்கவில்லை.'

பேங்க் பணத்தை நிறுத்திவைத்து, கடையிடம் ஆதாரம் கேட்டது.

கடை ஆதாரம் கொடுத்தது!

பெரிய டிவி ஒன்றுக்கு பில். கீழே அவள் பெயரில் ஒரு கையெழுத்து. 'வாடிக்கையாளர் நேரில் வந்தார். பின் நம்பர் மறந்துவிட்டதாகச் சொல்லி, பல தடவையாகக் கார்டைத் தட்டினார்.'

இந்த வாரத்துக்குள் அவள் மறுப்பு எழுத வேண்டும். இல்லையென்றால் பணம் போச்சு. வட்டியும் சேரும். வீட்டில் இருந்த ரெண்டு சம்பளத்தில் ஒன்று ஏற்கனவே போய்விட்டது.

"நர்கிசு..."

"சொல்லுங்க மதினி."

"அன்னைக்குக் கார்டு உன் கைலதான இருந்துச்சு?"

"ஆமா."

"நீ வாராவாரம் தையல் கிளாசுக்கு அருப்புக்கோட்டை போற."

"ஆமா."

"பர்தா போட்டுக்கிட்டு."

நர்கிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கவில்லை. சிவந்தது.

"நேரா கேளுங்க மதினி. நான் டிவி வாங்குனேனான்னு கேளுங்க."

"கேக்கல..."

"கேட்டுட்டீக!"

செருப்பை மாட்டினாள்.

"ஏய்... எங்க போற?"

"உங்க சந்தேகத்தத் தீக்க."

மறுநாள் காலை.

வற்றிய கண்மாய்க் கரையில் புழுதி கிளம்பியது. அசோக்கின் கார். வாசலில் நின்றது.

முன்னறையில் ஒரு நாற்காலி. எதிரே, உள்ளறைக் கதவில் கனத்த பச்சைத் திரை. ஓரத்தில் நர்கிஸ். கையில் செல்போன்.

அசோக் உட்கார்ந்தான். சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான்.

"புருஷன் போனது வருத்தம்தாம்மா. இருந்தாலும் யாவாரம் யாவாரம்தான? இதுல ஒரு கையெழுத்து."

"என்ன அது?"

திரைக்குப் பின்னால் இருந்து வந்தது குரல். தழுதழுத்த குரல்.

"வாபஸ் கடுதாசி. டிவிய நாந்தான் வாங்குனேன், துக்கத்துல மறந்துபோய்ப் புகார் குடுத்துட்டேன்னு எழுதியிருக்கு."

"இந்த வீட்ல டிவியே இல்லையே..."

"வாங்கி யாருக்குக் குடுத்தீகளோ! எனக்கு எதுக்கு அந்தக் கதை?"

"போட மாட்டேன்னு சொன்னா?"

அசோக் குரலைத் தாழ்த்தினான்.

"நேரா பள்ளிவாசல். ஜமாத்துல நாலு பெரியவுகளக் கூப்பிட்டு பில்லக் காட்டுவேன். புருஷன் மவுத்தாகி இத்தால இருக்கவுக, பர்தாவ மாட்டிக்கிட்டு டவுனுக்கு வந்து டிவி வாங்குனாகன்னு! அப்புறம் இந்தத் தெருவுல தலை நிமிந்து நடப்பீகளா?"

நேற்றைய சிரிப்பின் அர்த்தம் இப்போது புரிந்தது. நர்கிஸ் பல்லைக் கடித்தாள்.

"பேங்குல நான் சொல்லுவேன்... இத்தால இருந்தேன்னு..."

"சொல்லுங்க! சென்னைல ஏசில உக்காந்திருக்கவனுக்கு இத்தாவத் தெரியுமா, பித்தாவத் தெரியுமா? அவனுக்கு பில்லுதான் தெரியும்."

திரை லேசாக அசைந்தது. காற்றா?

காற்றே இல்லை!

"அண்ணே... ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"கடைல என்னைய நீங்களே பாத்தீகளா?"

"பாக்காம? நாந்தான் பில்லு போட்டேன்."

"என் மூஞ்சியப் பாத்தீகளா?"

அசோக் உஷாரானான். கண்ணைச் சுருக்கினான்.

"மூடியிருந்துச்சு. பர்தா. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது."

"அப்ப அது நாந்தான்னு எப்படிச் சொல்றீக?"

"குரல்! அரை மணி நேரம் விலை பேசுனீகளே... ஆயிரம் பொம்பளைக பேசுனாலும் அந்தக் குரலக் கண்டுபிடிச்சிருவேன்."

"இந்தக் குரலா?"

"இதே குரல்தான்!"

"ஜமாத்துலயும் சொல்வீகளா?"

"கோர்ட்ல கேட்டாலும் சொல்லுவேன்! சத்தியம் வேணும்னாலும் பண்றேன்!"

"வேணாம்ணே. இதுவே போதும்."

தழுதழுப்பு சட்டென்று நின்றது.

திரை விலகியது.

முதலில் தெரிந்தது ஷூ. பிறகு காக்கி. பிறகு தோளில் இரண்டு நட்சத்திரம்!

அசோக் எழ முயன்றான். விரித்த தாளை அவசரமாக மடித்தான்.

"தங்கலட்சுமி. சப்-இன்ஸ்பெக்டர்," என்றாள் அவள், அதே குரலில். "உங்க கடைப் பக்கம் நான் வந்ததே இல்ல. அரை மணி நேரம் விலை பேசுனேனாம்!"

"மேடம்... நீங்க... எப்படி..."

"இந்தப் பிள்ளை நேத்து ஸ்டேஷனுக்கு வந்து, என்னைய விசாரிங்கன்னு நின்னுச்சு. விசாரிச்சேன். அப்புறம் உங்க பால்ச்சாமிய விசாரிச்சேன். வேன்கிட்ட நின்னு தட்டுன ஒவ்வொரு தட்டையும் சொல்லிட்டான். ஓனர் போன்ல எண்ணிக்கிட்டே இருந்தாராம்ல?"

அசோக் வாசலைப் பார்த்தான். அங்கே ஒரு போலீஸ்காரர் அவனுடைய கார் பானெட்டில் சாய்ந்திருந்தார்.

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல். மெல்லிய, சற்றே கரகரத்த குரல். அசோக் தன் வாழ்நாளில் கேட்டிராத குரல்!

"நர்கிசு... இவுக பேசுனது பூராம் பதிவாயிருச்சாம்மா?"

"ஆயிருச்சு மதினி. உங்க மறுப்போட சேத்து பேங்குக்கு அனுப்பிருவோம்."

"நர்கிசு..."

"ம்?"

"நேத்து நான் கேட்டது..."

"டிவி வாங்கிக் குடுங்க. மன்னிச்சிர்றேன்."

உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு. மார்ச்சுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு.

அசோக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம்... பணத்தத் திருப்பிக் குடுத்துர்றேன்... குரல் விஷயத்துல கொஞ்சம் தடுமாறிட்டேன்... பெயில் கிடைக்கும்ல மேடம்?"

"கிடைக்கும், கிடைக்கும்." தங்கலட்சுமி தொப்பியை மாட்டினாள். "தினமும் காலைல ஸ்டேஷன்ல வந்து கையெழுத்து போடச் சொல்வாக. பேர் சொல்லிக் கூப்பிடுறது நாந்தான்... இனிமேயாவது குரல நல்லா ஞாபகம் வச்சுக்கங்க!"