நூற்றுப் பதினாலு கிலோமீட்டர் காற்று

இடது தோள்பட்டைக்குக் கீழே யாரோ சூடான ஆணியை வைத்து அழுத்துவதுபோல் வலித்தது அவளுக்கு. நேற்று மட்டும் முந்நூற்று நாற்பது படுக்கை விரிப்புகள். துவைத்து முடித்த இயந்திரத்துக்குள் அவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒன்றை இழுத்தால் ஒன்பது சேர்ந்து வரும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஏழு வருடம் அந்த ஈரப் பாரத்தை இழுத்ததில், சம்பளத்தோடு சேர்த்து அவளுக்கு ஒரு முதுகும் கிடைத்திருந்தது. அகலமான முதுகு. தையல்காரி அளவு நாடாவை நம்பாமல் இரண்டு தடவை வைத்துப் பார்க்கும் முதுகு.

போன வருடம் சம்பந்தம் பேச வந்தவர்களில் ஒரு அக்கா படியிறங்கும்போது சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. "முகம் லட்சணம்தான்... முதுகுதான் ஆம்பளை முதுகா இருக்கு." அன்றிலிருந்து கூட்டம் என்றால் அவள் சுவரில் சாய்ந்துதான் நிற்பாள்.

இங்கே சுவர் எதுவும் இல்லை. விடிகாலை ஏரிக்கரைச் சாலை. ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. தண்ணீரைத் தாண்டி வரும் காற்று நேராக நெஞ்சில் வந்து விழும். அண்ணன் ஆசையாக வாங்கி, ஒரே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்ட கியர் சைக்கிள். அதை வேலைக்குப் போக எடுத்துக்கொண்டவள் இவள். குனிந்து, பல்லைக் கடித்து, மிதித்துக்கொண்டிருந்தாள்.

டிக்... டிக்... டிக்...

மறுபடியும் அந்தச் சத்தம். பல நாளாகக் கேட்கிறது. தன் வண்டிதான் கெட்டுவிட்டதென்று எண்ணெய்கூட விட்டுப் பார்த்தாள். இன்றைக்குத்தான் மூளையில் பட்டது. மிதிக்காமல் சும்மா உருளும் சக்கரம்தானே இப்படிச் சத்தம் போடும்? நான்தான் உயிரை விட்டு மிதிக்கிறேனே... அப்படியானால் சும்மா உருண்டு வருவது யார்?

இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள்.

பின்னாலிருந்து ஒரு "ஐயய்யோ!" வந்தது. இடித்தது. சரிந்தது. அவள் சமாளித்துக் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தபோது, புல்லில் ஒரு சைக்கிளும், அதற்கு அடியில் ஒரு ஒல்லியான ஆளும் கிடந்தார்கள்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"முன்னாடிதாங்க இருக்கு... உங்க முதுகு மறைச்சிருச்சு."

"என்னது?"

"இல்லீங்க... மறைக்கணும்னுதான் பின்னாடியே வந்தேன்."

அவள் கையில் காற்றடிக்கும் பம்பு ஏறியிருந்தது. "எத்தனை நாளா இந்த வேலை?"

"இன்னையோட பத்தொம்பது நாள்." பொய் சொல்லத் தெரியாத ஆள் போலிருக்கிறது. பம்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான். "தப்பா நினைக்காதீங்க! காத்துக்காகங்க! எதிர்க்காத்துல முன்னாடி ஒருத்தர் போனா பின்னாடி வர்றவனுக்குப் பாதி பாரம் குறைஞ்சிரும். மலைப் போட்டிக்குப் பழகுறேன்... இந்தக் கரையில உங்க அளவுக்கு யாரும் காத்தைக் கிழிச்சிட்டுப் போறதில்லை. சத்தியமா உங்க முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இப்பதான்..."



அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. ஒரு துளி அவன் இமையில் வந்து உட்கார்ந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பெரிய கண்கள்... மாட்டிக்கொண்ட பயமும், வேறு ஏதோ ஒன்றும் கலந்த கண்கள். அவளும்தான் பார்த்தாள். கோபத்தில் பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மழை வலுத்ததும் இருவரும் பஸ் நிழற்குடைக்கு ஓடினார்கள். அவள் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"என்ன வேலை பார்க்குறீங்க? ஊரான் முதுகுல ஒளியுற நேரம் போக?"

"லிப்ட் மெக்கானிக்குங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பட்டனை அமுக்கி ஊரையே மேல ஏத்துற ஆளுக்கு, மிதிச்சு மலை ஏற ஆசையாக்கும்?"

"பட்டன் அமுக்குறது அவங்க. கம்பியில தொங்குறது நான்தானே... ஒரு நாளாவது என் காலால மேல போகணும்னு இருக்கு."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப் போனது. காட்டிக்கொள்ளவில்லை.

"ஆறு கிலோமீட்டர், பத்தொம்பது நாள். நூத்திப் பதினாலு கிலோமீட்டர் காத்து. அத்தனையும் நான் நெஞ்சுல வாங்கினது. நீங்க டிக் டிக்னு உருண்டு வந்திருக்கீங்க."

"திருப்பிக் கொடுத்துடுறேங்க. நாளைக்கு நான் முன்னாடி போறேன்."

சொன்னபடி மறுநாள் வந்தான். முன்னால் போனான். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, காற்று அவனைக் காகிதம்போல் ஓரத்துக்குத் தள்ளியது.

"கொடிக்கம்பிக்குப் பின்னாடி ஒளிஞ்ச மாதிரி இருக்கு எனக்கு," என்றாள் அவள். "நகருங்க!"

கடைசியில் ஒரு உடன்பாடு. அசல் அப்படியே இருக்கட்டும். வட்டியாக அவன் அவளுக்கு மலை ஏறச் சொல்லிக்கொடுக்க வேண்டும். "அந்த மலைப் போட்டிக்கு நீங்களும் பேர் கொடுங்களேன்," என்றான் அவன். மூன்று மலை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் மொட்டை மேட்டுச் சமவெளி, முழுக்க எதிர்க்காற்று. மூன்றாவது மலையடியில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சாலையின் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குமுன் தாண்டாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். போன இரண்டு வருடமும் அந்தக் கயிறு அவனை நிறுத்தியிருந்தது.

அவள் பேர் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக இந்த முதுகு ஒரு வேலைக்கு உதவும் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான்... அதற்காகவா, இல்லை வேறு காரணத்துக்காகவா என்று யோசிக்கவில்லை.

சீட்டை இரண்டு விரல் உயர்த்தினான். மேடு வருமுன்னே கியரை மாற்றச் சொன்னான். பசிப்பதற்கு முன்னால் சாப்பிடச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குவாரி மேடு. குவாரி லாரிகள் கிளப்பிய புழுதி பல்லில் அரைபட, ஏறி இறங்கி, மறுபடி ஏறினார்கள். அந்த மேட்டில் மூச்சு வாங்கும்போது 'ங்க' போடக் காற்று போதவில்லை. அங்கேதான் இருவரும் ஒருவருக்கொருவர் 'நீ' ஆனார்கள்.

"யாருடி அது?" என்று அண்ணி ஒருநாள் காய் நறுக்கியபடி கேட்டாள்.

"லிப்ட் மெக்கானிக்."

"ஏத்தி விட்டுட்டு நடுவுல நிறுத்திடப் போறான், பார்த்துக்கோ!"

அண்ணி வாயில் என்ன நேரமோ... அடுத்த வாரமே நின்றுவிட்டது.

பிரேக் கட்டை மாற்ற சைக்கிள் கடைக்குப் போயிருந்தாள். கடைக்குள் அவனும், அவன் கூட்டாளி ஒருவனும் இருந்தார்கள். இவள் வெளியே நின்றது அவர்களுக்குத் தெரியாது.

"என்னடா, உன் லாரி எங்க இன்னைக்கு?" என்றான் கூட்டாளி. "லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே போ, இந்த வருஷம் கயித்தைத் தாண்டிருவ!"

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பில்லை, சின்னதுதான். ஆனால் சிரித்தான்.

அவள் உள்ளே வந்தாள். சுவரில் சாயவில்லை.

"லாரின்னு பேர் வெச்சது யாருங்க?"

அந்த 'ங்க' அவன் முகத்தில் அறைந்தது. "நான்தான்... மொத நாளு. அப்ப உன் முகம்கூட..."

"சரிங்க. லாரிக்குப் பின்னாடி நின்னா புகைதான் அடிக்கும். தள்ளி நில்லுங்க."

அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை. சந்தைச் சாலையில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஞாயிறுகளில் மட்டும் யாரும் எழுமுன்னே தனியாகக் குவாரி மேட்டில் ஏறினாள். போட்டியை விட மனம் வரவில்லை. விட்டால், அந்தப் படியிறங்கிய அக்கா சொன்னதும் இவன் சிரித்ததும் ஒன்றாகிவிடும். ஆனால் மேட்டின் உச்சியில் நின்று தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது... அவன் தேடி வந்தது என்னையா, இல்லை நான் மறைத்த காற்றையா?

போட்டி நாள். முதல் மலை ஏறும்போது அவனைக் காணவில்லை. இரண்டாவது மலையின் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. சமவெளி தொடங்கும் இடத்தில் காற்று அவளை ஒரு கணம் நிறுத்தியே விட்டது. அப்போது பக்கத்தில் ஒரு சக்கரம் வந்தது.

அவன்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. "நான் முன்னாடி போறேன். பின்னாடி வாங்க."

"ஏன்? லாரியை இழுத்துட்டுப் போற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சா?"

"வட்டிதானே கட்டினேன்? அசல் பாக்கி இருக்குல்ல."

பதிலுக்கு நிற்காமல் முன்னால் போனான். போகட்டும், ஒரு கிலோமீட்டரில் காகிதமாகிவிடுவான் என்று நினைத்தாள். ஒரு கிலோமீட்டர் போனது. இரண்டு... நான்கு. அவன் ஓரத்துக்குப் போகவில்லை. தலையைத் தொங்கப் போட்டு, முழங்கையை ஒடுக்கி, இஞ்ச் இஞ்சாகக் காற்றுக்குள் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் முதல்முறையாக அவன் முதுகைக் கவனித்துப் பார்த்தாள். நனைந்த சட்டைக்குள் இரண்டு தோள்பட்டை எலும்பும் மாறி மாறி மேலேறி இறங்கின. குறுகிய முதுகுதான். ஆனால் அது இம்மியும் விலகாமல் அவளுக்கு முன்னாலேயே இருந்தது. ஒரு மனிதனை இப்படி விடாமல் பின்னாலிருந்தே பார்த்தால்... அவனுக்கு எங்கே வலிக்கிறது, எங்கே பல்லைக் கடிக்கிறான், எல்லாம் தெரிந்துவிடுகிறதே! அப்படியானால் பத்தொன்பது நாளும் அவனுக்கு என் வலி தெரிந்திருக்குமோ?

டிக்... டிக்... டிக்...

திடுக்கிட்டாள். சத்தம் அவள் சக்கரத்திலிருந்து வந்தது. அவன் மிதிக்க, அவள் சும்மா உருண்டுகொண்டிருந்தாள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் அவன் வண்டி ஆடியது. வலது தொடை பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு கையால் தொடையைக் குத்திக்கொண்டே கத்தினான். "போ! பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு, கயிறு கட்டிருவாங்க!"

"என் பின்னாடி வா!"

"மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? மூணு கிலோமீட்டர்தான். என் பின்னாடி வந்தா தாண்டிடுவ!"

"இன்னைக்கு வந்தா... முதுகுக்காகத்தான் பழகினேன்னு ஆயிடும். போ நீ!"

மழையில் அவன் முகத்தில் எது தண்ணீர், எது கண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. அவள் போனாள். திட்டிக்கொண்டே போனாள். ஏழு வருடம் இழுத்த ஈரப் பாரமெல்லாம் அன்றைக்குக் காலில் இறங்கியது. பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கயிறு கட்டும் கம்பத்தைத் தாண்டினாள். தாண்டி, பத்தடி தள்ளி, நின்றாள்.

"ஏம்மா நிக்கிற? மேல ஏறு! உச்சிக்கும் நேரக்கணக்கு இருக்கு," என்றார் கயிற்றோடு நின்ற மேற்பார்வையாளர்.

"ஒரு ஆள் வரணும்."

பன்னிரண்டு அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஐந்து நிமிடம் கழித்து, ஒற்றைக் காலால் மிதித்தபடி அவன் வந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கினான். நிற்க முடியாமல் கயிற்றையே பிடித்துக்கொண்டான்.

"நீ இன்னும் போகலையா? லூசா நீ?"

"கேக்கணும். கேட்டுட்டுப் போறேன்." அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கயிற்றருகே வந்தாள். "மூணு வருஷமா இந்தக் கயித்துக்காக உயிரை விட்ட. இன்னைக்குத் தாண்டியிருக்கலாம். எதுக்காக விட்ட?"

அவன் மூச்சு வாங்கினான். "கடையில அன்னைக்குச் சிரிச்சேன் பாரு... அவன் வாயை மூட வெச்சிருக்கணும். சிரிச்சிட்டேன். அதை வாயால சொன்னா நீ நம்ப மாட்ட." குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். "பத்தொம்பது நாள் உன் முதுகைப் பார்த்தேன். நெசம்தான், காத்துக்காகத்தான். அன்னைக்கு நீ திரும்பின... அதோட காத்து மறந்து போச்சு. எனக்கு உன் பின்னாடி வர வேண்டாம். பக்கத்துல வரணும்."

"பக்கத்துல வந்தா காத்து ரெண்டு பேரையும்தான் அடிக்கும்."

"அடிக்கட்டும்."

அவள் மேலே பார்த்தாள். மழை விட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது மலையின் முதல் வளைவு ஈரத்தில் மின்னியது. இவ்வளவு தூரம் வந்த பிறகு சுற்றிவளைத்துப் பேச அவளிடம் தெம்பு இல்லை.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. மழையில கீழ கிடந்தப்பவே பிடிச்சிருச்சு... போதுமா? ஆனா ஒண்ணு. லாரின்னு இனிமே எவனாவது சொல்லி, நீ அதுக்குச் சிரிச்ச... வண்டியை உன் மேலயே ஏத்திட்டுப் போயிடுவேன்."

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பு. தொடையைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தான்.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைத் தட்டினார். "தாயீ... கல்யாணத் தேதி குறிச்சாச்சா? மேல போறியா, நீயும் வேன்ல ஏறுறியா?"

"போறேன்யா, போறேன்!"

சைக்கிளைத் திருப்பினாள். அகலமான முதுகை முழுசாக அவனுக்குக் காட்டிக்கொண்டு, ஒதுங்காமல், ஒடுங்காமல், நடுச்சாலையில் ஏறினாள். சக்கரம் சத்தம் போடவில்லை. மிதிக்கிற சக்கரம் சத்தம் போடாது. முதல் வளைவில் திரும்பிக் கத்தினாள்.

"இன்னைக்கு எவ்வளவு கழிஞ்சுது?"

"ஒம்பது!" கயிற்றைப் பிடித்தபடி அவனும் கத்தினான்.

"அப்ப இன்னும் நூத்தியஞ்சு கிலோமீட்டர் காத்து நீ எனக்குத் தரணும்!"