தூலிக் என்ற பெயர்

கடல் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதுதான் அவியுக்குக்கு முதலில் பிடிக்கவில்லை.

மே மாதம் வந்துவிட்டால் உறைந்த கடலுக்கு அடியில் ஒரு சந்தையே கூடும். சீல்கள் மேலிருந்து கீழே வழுக்கி இறங்குவதுபோல நீளமாக விசிலடிக்கும், திமிங்கிலங்கள் தொண்டையைச் செருமும், எங்கோ தொலைவில் பனிப்பாளமும் பாளமும் உரசிப் பழைய கதவு மாதிரி முனகும். பனி வெடிப்புக்குள் துடுப்பை இறக்கி, காம்பைத் தாடையெலும்பில் அழுத்திக்கொண்டால் அத்தனையும் மண்டைக்குள் வந்துவிடும். இன்று துடுப்பு வெறும் கட்டையாக இருந்தது. மறையாத வெயில் மூடுபனிக்குள் புகுந்து எல்லாத் திசையையும் ஒரே வெள்ளையாக்கியிருந்தது. மூக்கில் உப்பும் பெட்ரோலும் சீல் எண்ணெயும் நெடியடித்தன.

இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது. மனைவி மாசக்.

"என்ன, ஏதாவது மாட்டுச்சா?"

"ஒரு மண்ணும் இல்ல. தம்பி என்ன பண்றான்?"

"உன் தம்பி நல்லா தூங்குறா."

தம்பி என்றது, பிறந்து இன்னும் தலை நிற்காத மகளை. செத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் செத்தவரின் உறவுமுறையும் கூடவே வந்துவிடும். அந்த ஊர் வழக்கம் அப்படி. குளிர்காலத் தொடக்கத்தில் தூலிக், அண்ணன் அவியுக்கின் பனிவண்டியை ஓட்டிக்கொண்டு போய், மெல்லிய பனி உடைந்து கடலுக்குள் இறங்கினான். உடல் கிடைக்கவில்லை. வண்டியைக் கேட்காமல்தான் எடுத்தான். அண்ணனின் துப்பாக்கி, அண்ணனின் மேலங்கி, எதைத்தான் கேட்டு எடுத்தான் அந்தப் பாவி! உடலைப் பார்க்காமல் அவன் பெயரை மகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவியுக் முட்டி மோதிப் பார்த்தான். "உன் தம்பி பேரு குளிர்ல அலையுது, நீ வண்டிக்கு அழுறியா?" என்று கேட்டுவிட்டாள் மாசக். அந்தப் பேச்சு இன்றும் நெஞ்சில் எரிகிறது. கடைசியில் தலையாட்டிவிட்டான்.

துடுப்பில் ஏதோ ஊர்ந்தது.

சீல் குட்டி என்றுதான் நினைத்தான். மெல்லிய இழுவை, இடையில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், மறுபடி இழுவை. காம்பு வழியாக ஏறிவந்து பல்வேர்களைக் கூசவைத்தது. தண்ணீருக்குள் பாடும் எதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு பாடாது. பிறகு ஒரு விக்கல் கேட்டது. அதன்பின் அழுகை, பசித்த பிள்ளையின் அழுகை.

"மாசக்! பிள்ளை அழுதாளா?"

"அழுகையா? பேர் வச்ச நாள்லேருந்து அவ வாயத் தொறந்து அழுதிருக்காளா? ஊரே கண்ணு வைக்குது. நீ வேற!"

ஊர் முழுக்கக் கேட்கும் அலைவரிசை அது. யாரோ குறுக்கே புகுந்தார்கள். "ஏப்பா அவியுக், குளிர் மண்டைக்கு ஏறிடுச்சா? சூடா டீ குடிப்பா." இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறந்த அன்று மகள் அழுதது அவனுக்கு நினைவிருக்கிறது. ஒவ்வோர் அழுகையின் முடிவிலும் ஒரு சின்னக் கீச்சு வைப்பாள். கீழே, பனிக்கு அடியில், அதே கீச்சு.

அழுகை நகர்ந்தது. முழங்காலுக்கு அடியில். கொஞ்சம் தள்ளி. இன்னும் ஆழத்தில்.

அவன் குப்புற விழுந்து வெடிப்பில் வாயை வைத்தான். "டேய் தூலிக், வேணாம்டா. வண்டிய நீயே வச்சுக்கோ. துப்பாக்கிய வச்சுக்கோ. அவளக் குடுத்துடுடா. ஒரு தடவையாவது கேட்டு எடுடா!"

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. மாசக்கின் மூச்சு மட்டும் முதலில் கேட்டது.

"அவி... பிள்ளை முழிச்சிருச்சு. என்னையே பாக்குது."

"தூக்காத. மாசக், தூக்காத!"

அவள் வயர்லெஸ் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் தொட்டில் கிறீச்சிட்டது. சளி கட்டிய முரட்டு ஆண் குரல் ஒன்று சோம்பலாகச் சிரித்தது.

"அண்ணா, இங்க கதகதப்பா இருக்கு."

ஊரே கேட்டது. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

துடுப்பு அசைந்தது. அவன் அசைக்கவில்லை. கீழே, கறுத்த தண்ணீருக்குள், அதன் முனையை ஒரு சின்னக் கை பற்றியிருந்தது, பிறந்த பிள்ளை அப்பன் விரலைப் பற்றிக்கொள்வதுபோல, இறுக்கமாக.