பக்கீர் கடைத் துவக்கு

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. இலங்கை மலைநாட்டுப் பூண்டுலோயாவில் மளிகைக்கடை வைத்திருந்த பக்கீர், உள்ளறையிலிருந்து கூச்சலிட்டபடி ஓடிவந்தார். அலுமாரி திறந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த துவக்கை, அவருடைய வேட்டைத் துப்பாக்கியை, காணோம்.

1958 ஜூன். சிங்கள-தமிழ்க் கலவரத்தால் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. லைசன்ஸ் உள்ள துவக்குகளையும் அன்று மாலை ஐந்து மணிக்குள் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு.

துவக்கு களவு போனதாகப் பக்கீர் பொலிஸில் புகார் என்ட்ரி போட்டார். எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் ஹமீது வந்தார். அதற்குள் கான்ஸ்டபிள் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தான். கடையில் மூட்டை தூக்கும் பழனியாண்டி; தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவன். வாசலில் மழையில் நனைந்தபடி அவன் மனைவி ராக்காயி அழுதுகொண்டு நின்றாள். இந்தச் சட்டத்தில் உள்ளே போனால் கோர்ட்டும் இல்லை, ஜாமீனும் இல்லை.

"நேத்து கடை வாசல்ல என்ன கத்துன?" என்று அவனைக் கேட்டார் ஹமீது.

"உள்ளதத்தாங்க சொன்னேன். வீடு கொளுத்துறவன் லைசன்ஸ் வாங்கிட்டா வர்றான்? அவன் கத்திய யாரும் கேக்கல. மொதலாளி துவக்க மட்டும் கேக்குறாங்க. அவனுங்க வந்தா லயத்துல இருக்கிற எங்க புள்ளைங்கள யாரு பாப்பா?"

"துவக்கு எங்க?"

"நான் தொடலைங்க."

ஹமீது அலுமாரியைப் பார்த்தார். கதவிலிருந்த இரும்புப் பட்டை கழன்று, திறக்காத பூட்டோடு தொங்கியது. கீழே கிடந்த திருகாணிகளை ஜன்னலருகே கொண்டுபோனார். ஒன்றும் வளையவில்லை. தலையிலிருந்த வெட்டுகள் மட்டும் திருப்புளி பட்டுப் புதிதாய் மின்னின.

"பூட்டுச் சாவி?"

"இடுப்பு வார்லயேதான் இருக்கு," என்றார் பக்கீர். "வேற சாவி கெடையாது."

"பழனியாண்டிய சந்தேகப்படுறீங்களா?"

"நான் யாரையும் சொல்லலீங்க."

"இல்லேன்னும் சொல்லல."



ஹமீது பட்டையைப் பழையபடி கதவில் வைத்து மடித்துக் காட்டினார். "பாருங்க பக்கீர் நானா. பூட்டியிருந்தா பட்டை மடிஞ்சு ஆணியெல்லாத்தையும் மூடிக்குது. திருப்புளி நுழையாது. ஆணியக் கழட்டணும்னா மொதல்ல பூட்டத் தொறக்கணும். சாவி இருக்கிறவர் தொறந்து, ஆணியக் கழட்டி, மறுபடியும் பூட்ட மாட்டியிருக்கார். சாவி உங்ககிட்டதான் இருக்கு."

பக்கீர் மெல்ல மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"வாப்பா வாங்குன துவக்குங்க. லைசன்ஸ் ஒரு வருசம் தவறல. போன வாரம் மேல்தெருவுல கடைய எரிச்சப்போ ஸ்டேசனுக்கு ஆளனுப்புனேன். எல்லாம் சாம்பலானதுக்கப்புறம் வந்தீங்க. உங்கள நம்பி இத எப்பிடிங்க குடுக்கிறது?"

ஹமீது பழனியாண்டியைக் காட்டினார். "அதுக்காக இவன் உள்ள போகணுமா?"

பக்கீர் எழுந்து, மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துவக்கை எடுத்து வந்தார். அதைப் பார்த்த பழனியாண்டியின் முகம் இறுகியது.

"என்னைய புடிச்சுக் குடுத்துட்டு, இத வச்சு யாரக் காப்பாத்தப் போறீங்க மொதலாளி?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கெடு இன்னும் முடியல," என்றார் ஹமீது. "துவக்க நீங்களே ஒப்படைச்சதா வச்சுக்கிறேன். பொய் என்ட்ரி போட்டதுக்குக் கேஸ் வரும். அதுல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

துவக்கைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தனுப்பிவிட்டு அவர் பழனியாண்டி பக்கம் திரும்பினார். "கலவரம் அடங்குற வரைக்கும் பொழுது சாஞ்சா லயத்துப் பக்கம் காவலுக்கு நானே வாறேன்."

"வந்தா பாக்கலாங்க," என்றான் பழனியாண்டி.

ராக்காயியைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறிப் போனான். ஹமீது சொன்னபடி வந்தார். பழனியாண்டி அந்தக் கடைக்கு மறுபடியும் மூட்டை தூக்க வரவில்லை.