ஆறு திருப்பிக் கொடுத்தவை

மழை வலுப்பதற்குள் தையல்காரம்மா அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். ஒரு காலத்தில் படகுத்துறை அலுவலகமாக இருந்த கட்டிடம் அது. சம்பளம் வாங்குகிறவர் எவரும் அங்கே கிடையாது. ஓய்வுபெற்ற தபால்காரர் கதவைத் திறந்து வைப்பார். ஊர்க்காரர்கள் முறைபோட்டு வந்து தூசி தட்டுவார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய துடுப்புகளையும் டிக்கெட் இயந்திரத்தையும் காட்டுவார்கள்.

தையல்காரம்மா தன் முறைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது பின்னறையை மட்டும்.

பல வருஷங்களுக்கு முன் பயணிகள் படகு கவிழ்ந்த பிறகு ஆற்றில் கிடைத்த பொருள்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, வளைந்த குடைக்கம்பி. வீட்டில் அழ முடியாதவர்கள் இங்கே வந்து அழுதுவிட்டுப் போவார்கள். யாரும் என்ன ஏதென்று கேட்பதில்லை.

அவளுடைய மகனும் அந்தப் படகில்தான் போனான். உடலும் கிடைக்கவில்லை, சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. படகுக்காரர்கள் எதையோ எடுத்து வந்தார்கள் என்று காதில் விழுந்தால் தையலைப் போட்டது போட்டபடி ஓடி வருவாள். ஒவ்வொரு முறையும் அது வேறு யாரோ பெற்ற பிள்ளையுடையதாகவே இருந்தது.

"நர்ஸம்மா தவறிட்டாங்க, கேள்விப்பட்டியாம்மா?" என்றார் தபால்காரர். "இனிமே அந்த ஸ்வெட்டரைத் தேடி வர ஆளில்லை."

நீல ஸ்வெட்டர். நர்ஸம்மாவின் மகளுடையது. வருஷா வருஷம் நர்ஸம்மா வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே மடித்துத் தைத்திருந்த கையைக் கொஞ்சம் பிரித்துவிட்டுப் போவாள், வளர்கிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தையல்காரம்மா மட்டும் உள்ளுக்குள் பொறாமைப்பட்டாள். பிரித்துவிட அவளுக்கு ஒரு ஸ்வெட்டராவது இருக்கிறதே!

தபால்காரர் ஜன்னல்களைச் சாத்த முன்னறைக்குப் போனார். பின்னறையில் விளக்கு அணைந்தது. கண்ணாடி ஜன்னலின் மங்கிய வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

முதலில் வாடைதான் வந்தது. ஆற்றின் அடியில் இலைகள் மக்கிக் கிடக்கும் வாடை. பிறகு தரையில் ஈரக்கால் பதிகிற சத்தம். சளக். கொஞ்சம் நின்றது. மறுபடி சளக்.

யாரோ மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினாள்.

பெட்டியின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். வளர்ந்த பெண்ணின் உயரம்.

முகம் குழந்தையுடையது.

நீல ஸ்வெட்டர் அவள் உடம்பில் இருந்தது. பெட்டி பூட்டியபடியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"அத்தை," என்றாள். பேசும்போது வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கை எட்டலை. அம்மா வரலை."

தையல்காரம்மா பின்வாங்கினாள். ஆனால் அந்த மணிக்கட்டு, துணிக்கு வெளியே, விறைத்து நீலம் பாய்ந்து நீண்டிருந்தது. பெற்ற மனசு கேட்கவில்லை. பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். நூலை வெட்டி மடிப்பை இறக்கிவிட்டாள். தொட்ட இடமெல்லாம் பனிக்கட்டி.

"கண்ணு... எம் பையனைப் பார்த்தியா?"

அந்தப் பெண் இறங்கிய கையை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அங்கேதான் இருக்கான். அவனுக்கு இங்கே ஒண்ணும் இல்லையே, அத்தை. எதுக்கு வருவான்?"

விளக்கு வந்தது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் இருந்தது, சொட்டச் சொட்ட நனைந்து. கை இறங்கியிருந்தது.

மறுநாள் தையல்காரம்மா மகனின் கோடுபோட்ட சட்டையை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள்.

"ஆத்துலேர்ந்து வந்ததைத்தான் வைக்கணும்னு நாமதானேம்மா முடிவு பண்ணோம்?" என்றார் தபால்காரர்.

"அவன் ஆத்துலதானே இருக்கான், அண்ணே."

அவர் சாவியை எடுத்து வந்தார். பெட்டியைத் திறந்துவிட்டார்.

தினமும் வந்து காத்திருந்தாள். சட்டை வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒருநாள் காய்ச்சல் அடித்துப் போட்டதில் வர முடியவில்லை. மறுநாள் தள்ளாடிக்கொண்டு வந்தபோது தபால்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சத்தியமா யாரும் தொடலைம்மா. சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

சட்டை நனைந்திருந்தது. இரண்டு அக்குளும் தையலோடு பிரிந்து, முதுகு நெடுகக் கிழிந்திருந்தது. அது எப்படிக் கிழிந்தது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சின்னச் சட்டைக்குள் பெரிய உடம்பு புகப் பார்த்திருக்கிறது.

வந்திருக்கிறான். அவள் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான். போட்டுப் பார்த்திருக்கிறான். சேரவில்லை.

பெட்டிமேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் முன்னாடி இருங்க."

கதவைச் சாத்தினாள். வெளியே நல்ல வெயில். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். ஒரு முனையை விரல்களில் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தொங்கவிட்டாள்.

"பழசு போகட்டும். புதுசு தைச்சுத் தரேன்டா," என்றாள் மெதுவாக. "அளவு மட்டும் குடு. வந்து நில்லு, ராசா."

அறை சும்மா இருந்தது.

பிறகு அந்த வாடை வந்தது.

தொங்கிய முனை அசைந்தது. காற்றில்லை. அதை எதுவோ பிடித்து மெல்ல மேலே தூக்கியது. அவள் மார்பைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, தலைக்கு மேலே போய் டேப் விறைத்து நின்றது. அங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது.

இடுப்புயரப் பையனைப் படகேற்றி அனுப்பியவள் அண்ணாந்து பார்த்தாள்.