ஆறு டம்ளர் மாவு

“ஒரு டம்ளர்னா எந்த டம்ளர்? அளவு சொல்லுங்க!”

அம்மாவின் போனில் இதைத் தட்டி அனுப்பிய பிறகுதான் மிளகாய்க்கு மூச்சு வந்தது. மூச்சோடு சேர்ந்து கொஞ்சம் பயமும் வந்தது.

மிளகாய் என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். மூக்கு நுனி சிவந்துவிட்டால் அவள் வாயை யாராலும் மூட முடியாது. இப்போது மூக்கு நன்றாகவே சிவந்திருந்தது.

அவள் கேட்டது ‘அடுப்பும் தொட்டியும்’ குழுவில். சமைப்பதிலும் தொட்டியில் செடி வளர்ப்பதிலும் கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து போனில் நடத்தும் குழு அது. யார் வீட்டு மாடியில் தக்காளி பழுத்தாலும் மற்ற எல்லார் வீட்டிலும் போன் சிணுங்கும். இலையில் ஒரு பூச்சி உட்கார்ந்தால் போதும், அதை விரட்ட இருபது வழி வந்து விழும். அங்கே எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும், ஒன்றைத் தவிர.

அளவு.

“வேற என்ன வேணாலும் கேளு. அளவு மட்டும் கேட்டுடாத” என்று அம்மா எத்தனையோ முறை சொல்லி வைத்திருந்தார்.

காரணம், குழுவின் தலைவி. அவர் சுடும் வெங்காயத்தாள் பன் அவ்வளவு மெத்தென்று இருக்கும். அதனாலேயே எல்லாரும் அவரைப் பன்னம்மா என்றார்கள். “சமையல் என்ன கணக்குப் பரீட்சையா? எல்லாம் கையில இருக்கு!” என்பார் பன்னம்மா. ‘இங்கே அளவு கேட்கக் கூடாது’ என்று குழுவின் முகப்பிலேயே எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தார். பொம்மை சிரித்தாலும் சட்டம் சட்டம்தான்.

போன் அதிரத் தொடங்கியது.

“ஐயோ! யாருங்க அது அளவு கேட்டது?” என்று ‘மாடித் தக்காளி’ என்ற பெயரில் இருந்தவர் அலறினார்.

“பஸ்காரம்மா, உங்க போனை யாராவது திருடிட்டாங்களா?” என்று கேட்டார் பல் டாக்டர்.

மிளகாயின் அம்மா டவுன் பஸ் ஓட்டுபவர். அதனால் குழுவில் அவர் பஸ்காரம்மா.

“நான் அவங்க பொண்ணு. எனக்கு அளவு வேணும்” என்று மிளகாய் பதில் அனுப்பினாள்.

பன்னம்மாவின் குரல் பதிவு வந்தது. “கண்ணு, டம்ளர்னா டம்ளர்தான்! அதுல என்ன எந்த டம்ளர்? உங்க வீட்டுல டம்ளரே கிடையாதா? போ, போய் விளையாடு!”

அதன் பின்னாலேயே சிரிக்கும் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன.

மிளகாய் ஒன்றும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முந்தின நாள் அம்மா பன் செய்திருந்தார். பன்னம்மா சொன்ன மாதிரியே ஆறு டம்ளர் மாவு, ஒரு சின்னப் பாக்கெட் பால், ஒரு ஸ்பூன் ஈஸ்ட். ஜன்னல் ஓரத்துத் தொட்டிகளிலிருந்து வெங்காயத்தாளைப் பறித்துப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார். மாவு பிசையவே வரவில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து, தோள் வலிக்கப் பிசைந்தார்.

வெந்து வந்த பன்னை அப்பா மேசையில் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது.

“இதை வச்சு சுவத்துல ஆணியே அடிக்கலாம்” என்றார் அப்பா. அவர் பெயின்டர். சுவர் பற்றித் தெரிந்தவர்.

அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பன்னைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். உடனே பன்னம்மா எழுதினார்: “மனசு விட்டுடாதீங்க பஸ்காரம்மா. கைப்பக்குவம் கடையில விக்காது. அது அம்மா வீட்டுலேருந்து வரணும்.”

ஆறுதலுக்காகத்தான் எழுதினார். ஆனால் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அம்மா வீடு கிடையாது. விடுதியில் வளர்ந்தவர். மணி அடித்தால் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் திட்டு விழும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாதான் அவருக்கு முட்டை அவிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்பாவுக்கும் அது ஒன்றுதான் தெரியும். மற்றதையெல்லாம் அம்மா அந்தக் குழுவில் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மிளகாயின் மூக்கு சிவந்தது.

குளித்துவிட்டு வந்த அம்மா போனைப் பார்த்தார். முகம் மாறியது.

“என்னடி பண்ணி வச்சிருக்க?”

“கேட்டேன்.”

“எதைக் கேக்காதன்னு சொன்னேனோ…”

“அதைத்தான் கேட்டேன். மத்ததெல்லாம் கேட்டும் பன் வரலையே!”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். “விடு மிளகா. ஞாயித்துக்கிழமை பன்னம்மா வீட்டுல எல்லாரும் சந்திக்கிறாங்க இல்ல, அதுக்கு நான் போகல. குழுவுலேருந்தும் வெளிய வந்துடறேன். நமக்கு அந்தக் கை இல்ல.”

“எந்தக் கை? அவ்ளோ பெரிய பஸ்ஸை நம்ம சந்து முனையில ஒரே வீச்சுல திருப்புறீங்களே, அது எந்தக் கை?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் ஓரத்தில் அப்பாவின் காலிப் பெயின்ட் டப்பாக்களில் வெங்காயத்தாள் பச்சைப் பசேலென்று நின்றது. அதைப் படம் எடுத்துப் போட்டபோது குழுவில் எத்தனை பாராட்டு! நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வரும் அம்மா, அந்தக் குழுவைத் திறந்தால்தான் வாய்விட்டுச் சிரிப்பார். அதை விட்டு வெளியே வருவதாவது!

மிளகாய் போனை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். குழுவில் பன்னம்மா போட்ட பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். பன், பன், கத்தரிக்காய்ச் செடி, பன், பன்னோடு பன்னம்மா. அப்புறம் அந்தப் படம் வந்தது. மூடி திறந்த மாவு டப்பா. அதன் முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதை ஒட்டினாற்போல், பன் மேல் தடவுவதற்காக எடுத்து வைத்த ஒரு முட்டை.

மிளகாய் படத்தைப் பெரிதாக்கினாள். விரலை வைத்துப் பார்த்தாள். கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். டம்ளரின் உயரமும் முட்டையின் நீளமும் ஒரே அளவாக இருந்தன!

சமையலறைக்கு ஓடினாள். ஒரு முட்டையை எடுத்து, அம்மா மாவு அளந்த டம்ளரின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தாள். முட்டை டம்ளரின் இடுப்புக்குத்தான் வந்தது.

“முட்டையை வச்சு டம்ளரை அளக்குறியா?” என்று அப்பா எட்டிப் பார்த்தார். “அப்போ சுவத்தை அளக்க என்ன வைப்ப, கோழியையா?”

“அப்பா, டம்ளர் வீட்டுக்கு வீடு வேற வேற. முட்டை எங்க வாங்கினாலும் கிட்டத்தட்ட இந்த அளவுதானே இருக்கும்?”

அப்பா சிரிப்பை நிறுத்தினார். முட்டையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். “அட!” என்றார்.

பிறகு இருவரும் முட்டையும் கையுமாக அலமாரி முழுக்கத் தேடினார்கள். முட்டை உயரத்துக்கு ஒரு பாத்திரம் வேண்டும். வாயும் படத்தில் உள்ள அகலம்தான் இருக்க வேண்டும். கிண்ணம் ரொம்பக் குட்டை. பூப்போட்ட கப் ரொம்ப உயரம். அப்பா ஒரு முட்டையைக் கீழே போட்டார். அதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் மிளகாய்க்கு அம்மாவின் டியூட்டிப் பை கண்ணில் பட்டது. பையில் பிளாஸ்க். பிளாஸ்க்கின் தலையில் மூடி.

மூடியைக் கழற்றி முட்டைப் பக்கத்தில் வைத்தாள். கச்சிதம்!

“அம்மா! ஒரே ஒரு தடவை, இந்த மூடியால அளந்து செஞ்சு பாருங்க. வரலைன்னா, குழுவை விட்டு வெளிய வர்ற பட்டனை நானே அமுக்குறேன்.”

அம்மா அவளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மூடியால் ஆறு முறை அளந்த மாவு, பாலைக் குடித்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. கையில் ஒட்டாமல் உருண்டது. ஈரத் துணிக்கு அடியில் மெல்ல மெல்லத் தொப்பை போட்டது. ஓவனைத் திறந்தபோது வந்த வாசனையில் அப்பா பெயின்ட் பிரஷ்ஷைக் கழுவாமலே ஓடி வந்தார்.

ஒரு பன்னைப் பிய்த்தார். பஞ்சு மாதிரிப் பிய்ந்தது. “இதை வச்சு ஆணி அடிக்க முடியாதே” என்று வாய் நிறையப் பன்னோடு வருத்தப்பட்டார்.

அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கை அதே கைதாம்மா” என்றாள் மிளகாய். “டம்ளர்தான் மாறிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் பன்னம்மா வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தாலும் அம்மாவின் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. மிளகாயின் கைப்பையில் பிளாஸ்க் மூடியும், கைக்குட்டையில் சுற்றிய அவித்த முட்டை ஒன்றும் இருந்தன.

பன்னம்மாவின் கூடம் நிறைந்திருந்தது. போனில் பார்த்த செடிகளின் சொந்தக்காரர்களை நேரில் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ‘மாடித் தக்காளி’ ஒல்லியாக, உயரமாக இருந்தார். பல் டாக்டர் ஒரு கூடை வெள்ளரிக்காய் கொண்டுவந்திருந்தார்.

அம்மா டப்பாவைத் திறந்ததும் கூடமே எட்டிப் பார்த்தது. பன்கள் கைமாறின.

“பஸ்காரம்மா! இதுவா அந்தக் கல்லு?” என்று யாரோ கத்தினார்கள்.

பன்னம்மா ஒரு பன்னை அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது. “பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, கை வந்துடுச்சு!” என்று அம்மாவின் தோளைத் தட்டினார்.

“எனக்குத்தான் அந்தக் கை வரவே இல்ல” என்றார் பல் டாக்டர். “போன வாரம் செஞ்ச பன்னை எங்க நாய்க்குப் போட்டேன். அது தோட்டத்துல கொண்டுபோய்ப் புதைச்சுட்டு வந்துடுச்சு. என் கை பல்லு புடுங்கத்தான் லாயக்கு.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு கையிலிருந்த பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் தேய்த்த அன்று அம்மாவின் முகம் இப்படித்தான் இருந்தது.

மிளகாயின் மூக்கு நுனி சிவக்கத் தொடங்கியது. பன்னம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“கண்ணு, கொஞ்சம் உள்ள வா. தட்டு எடுக்கணும்.”

சமையலறைக்குள் போனதும் பன்னம்மா கதவைச் சாத்தினார். “நிஜத்தைச் சொல்லு. எப்படி வந்துச்சு பன்?”

மிளகாய் கைப்பையைத் திறந்து, மூடியையும் முட்டையையும் மேசையில் வைத்தாள். படத்தைப் பற்றிச் சொன்னாள். பன்னம்மா மாவு டப்பாவுக்குள் கையை விட்டு, நசுங்கிய சின்ன டம்ளரை எடுத்து மூடியின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே உயரம்.

“எனக்கு டம்ளர்னா இதுதான்” என்றார் மெதுவாக. “எல்லார் வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். மறைக்கணும்னு பண்ணலடா கண்ணு.”

“தெரியும் அத்தை.”

பன்னம்மா டம்ளரைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். “ஆனா ஒண்ணு. அளவு தெரிஞ்சுட்டா அவங்கவங்க வீட்டுலயே செஞ்சுக்குவாங்க. அப்புறம் என்னை எதுக்குத் தேடி வருவாங்க? இது உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும். உங்கம்மாவை நான் குழுவுக்கு இன்னொரு தலைவியா போட்டுடறேன். என்ன சொல்ற?”

தலைவி பஸ்காரம்மா! ஒரு நிமிடம் மிளகாய்க்கு ஆசையாகத்தான் இருந்தது. அம்மா எவ்வளவு சந்தோஷப்படுவார்! கூடத்திலிருந்து பல் டாக்டரின் குரல் கேட்டது. இப்போதுதான் வந்த யாருக்கோ அவர் அந்த நாய்க் கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

“அத்தை, எங்கம்மாவுக்கு இப்போ பன் செய்யத் தெரியும்” என்றாள் மிளகாய். “ஆனாலும் ரெண்டு பஸ் மாறி உங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. பன் கல்லா வந்தப்போதான் வரமாட்டேன்னு சொன்னாங்க.”

பன்னம்மா டம்ளரைத் துடைப்பதை நிறுத்தினார்.

“நீங்க சொன்னா நல்லா இருக்கும். சிரிப்பாங்க, கைதட்டுவாங்க. நான் சொன்னா கோள் சொல்ற மாதிரி இருக்கும்” என்றாள் மிளகாய். “ஆனா நீங்க சொல்லலைன்னா, நான் சொல்லிடுவேன் அத்தை. டாக்டர் பாவம்.”

மூடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். முட்டையை மட்டும் அந்தச் சின்ன டம்ளரின் பக்கத்திலேயே விட்டுவிட்டாள். எல்லாருக்கும் அளந்து காட்ட அத்தைக்குத் தேவைப்படும்.

கதவைத் திறந்துகொண்டு கூடத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை பின்னால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பல் டாக்டர் இனிமேல் நாய்க்குப் பன் போடப் போவதில்லை.